கிராண்ட் டூரிஸ்மோ: இன்னும் மனசுல உறுத்துற அந்த ஒரு தருணம்

கொண்டைஊசி_40

2022 மார்ச் 17. பிளேஸ்டேஷன் கார் ரேஸ் கேம் கிராண்ட் டூரிஸ்மோ 7, சுருக்கமா ஜிடி 7, வந்து ரெண்டு வாரம்கூட ஆகல.

அப்பா வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேயிலை லோடு அடிச்சவர், 26 வருஷம். அந்த 40 கொண்டை ஊசி வளைவும் அவருக்கு மனப்பாடம். அந்த கேம்ல ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் ரேஸ் பாதையில நான் ஓட்டினதை போன்ல எடுத்து அனுப்பியிருந்தேன். "என்னடா இது, நம்ம மலை ரோடு மாதிரியே இருக்கு, நான் ஒருவாட்டி பிடிச்சுப் பார்க்கட்டுமா"ன்னு கேட்டார். நான் விளையாடுற எதைப் பத்தியும் அவர் அதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.

வியாழக்கிழமை சென்னைக்கு வந்தார். ஸ்டியரிங்கை மேஜையில இறுக்கி, நாற்காலி உயரம் சரி பண்ணி, பெடல் நகராம இருக்க அடியில மிதியடி போட்டு உட்கார வச்சேன். திரையில சர்வர் பராமரிப்புன்னு வந்து நின்னுச்சு. இதோ வந்துடும்ப்பான்னு சொன்னேன். 20 நிமிஷம் அவர் ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்கவே இல்ல. அப்புறம் மெதுவா எடுத்து, "சரிப்பா, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்"னு எழுந்து போய்ப் படுத்துட்டார். மறுநாள் சாயங்காலம் ஊருக்கு பஸ்.

30 மணி நேரத்துக்கு மேல சர்வர் படுத்துக் கிடந்தது. அப்டேட்ல கோளாறுன்னு கடைசி நேரத்துல தெரிஞ்சு நிறுத்தினோம்னு கேம் செஞ்சவங்ககிட்ட இருந்து விளக்கம் வந்துச்சு. மன்னிப்பு வந்துச்சு. ஆளுக்கு 10 லட்சம் கிரெடிட்டும், கேமுக்குள்ள கார் வாங்குற காசு, வந்துச்சு. அதுல எந்த கார் வாங்கினேன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல. அப்பா கையை எடுத்த விதம் ஞாபகம் இருக்கு.

வீட்டுக்குள்ள ஒருத்தர் தனியா ஓட்டப் போற ஒரே ஒரு சுத்துக்கு சர்வர் எதுக்கு? உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும். எழுதுங்க.

மெமரிகார்டு_1

ஜிடி 2. 98.2. தெரிஞ்சவங்களுக்கு இதுவே போதும்.

பர்மா பஜார்ல வாங்கின டிஸ்க், ரெண்டு டிஸ்க் செட். 650 கார் பக்கம் இருக்கும். நானும் தம்பியும் 40 பக்க நோட்டு ஒண்ணு போட்டு, ஜெயிச்ச ரேஸ், வாங்கின லைசென்ஸ் எல்லாத்தையும் கோடு போட்டு டிக் அடிச்சோம். எவ்வளவு முடிச்சிருக்கோம்னு கேமே சதவீதத்துல காட்டும். ஸ்கூல் விட்டு வந்ததும் தம்பி கேக்குற முதல் கேள்வி, "எவ்ளோண்ணா ஆச்சு?" 91. 94. 97. பரீட்சை லீவு முழுக்க அதுதான். 98.2ல வந்து நின்னுச்சு. அடுத்த நாளும் 98.2. நோட்டை முதல் பக்கத்துல இருந்து திரும்பப் பார்த்தோம், எதுவுமே பாக்கி இல்ல. "நீதான் எங்கேயோ விட்டுட்ட"ன்னு அவனைத் திட்டி, நோட்டைப் பிடுங்கித் தூக்கிப் போட்டுட்டேன். அவனுக்கு அப்போ 9 வயசு.

பல வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன். நேர்கோட்டுல மட்டும் ஓட்டுற டிராக் (drag) ரேஸ் பகுதியைக் கடைசி நேரத்துல தூக்கினாங்களாம், சதவீதக் கணக்குல மட்டும் அது அப்படியே தங்கிடுச்சாம். அமெரிக்காவுல முதல்ல வந்த டிஸ்க்ல யார் என்ன செஞ்சாலும் 98.2தான். எங்க டிஸ்க் அதோட நகல்.

தம்பிகிட்ட சொன்னேன். "அப்போ நான் விடலல்ல?"ன்னு கேட்டான். 30 வயசு ஆளு, ரெண்டு பிள்ளைக்கு அப்பன். அவனும் அதை மறக்கவே இல்லன்னு அப்பதான் தெரிஞ்சுது.

ரிங்_ராணி

ஜிடி 5, நூர்பர்க்ரிங் 24 மணி நேரம். நடுவுல சேவ் பண்ண வழியே கிடையாது. 2011 அக்டோபர்ல வந்த பெரிய அப்டேட்லதான் பிட்ல, டயரும் எரிபொருளும் மாத்துற இடத்துல, நிறுத்தி சேவ் பண்ண விட்டாங்க. எங்களுக்கு நடந்தது அதே வருஷம் மே மாசம்.

அப்போ கோயம்புத்தூர்ல தினமும் கரண்ட் கட் ஆகுற காலம். அண்ணனும் நானும் யுபிஎஸ் வச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு முறை மாத்தி ஓட்டினோம். கரண்ட் போனா உடனே கேமை நிறுத்தி வச்சு, டிவியை அணைச்சிடணும், பிஎஸ்3 மட்டும் யுபிஎஸ்ல ஓடும். ரெண்டு தடவை அப்படித் தாண்டிட்டோம். 19ஆவது மணி நேரம் என் முறை. திரையில பொழுது விடியுது, மரத்துக்கு நடுவுல வெளிச்சம் ஆரஞ்சா வருது, முன்னால போற காரோட பின் விளக்கு இன்னும் எரியுது. அண்ணன் பக்கத்துல பாயில தூங்குறான். அந்த நேரம் கரண்ட் போச்சு. யுபிஎஸ் அஞ்சு நிமிஷம் கத்துச்சு, ஆறாவது நிமிஷம் அதுவும் போச்சு.

நான் அண்ணனை எழுப்பல. இருட்டுல அப்படியே உட்கார்ந்திருந்தேன். காலையில அவனா எழுந்து, "எத்தனாவது இடத்துல இருக்கோம்?"னு கேட்டான்.

சுசூகா_ரெண்டாமிடம்

கொண்டைஊசி அண்ணா, உங்க அப்பா விஷயம் படிச்சுக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா "சர்வர் எதுக்கு"ன்னு கேட்டதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். சேவ் பைல் நம்ம மெஷின்ல மட்டும் இருந்தா அதைத் திருத்தி, கோடிக்கணக்குல கிரெடிட் ஏத்திக்கிட்டு ஆன்லைன்ல வந்து நிப்பாங்க. அதைத் தடுக்கத்தான் எப்பவும் இணைப்புல இருக்கணும்னு வச்சோம்னு இந்த கேமை உருவாக்கின யமௌச்சியே வெளிப்படையா சொல்லியிருக்கார். ஆன்லைன்ல நேர்மையா ஓட்டுறவங்களுக்கு அது வேணும்.

என் பிரச்சினை வேற. ஜிடி 7க்கு முன்னாடி வந்த ஜிடி ஸ்போர்ட், ஜப்பான்ல இருக்கிற சுசூகா பாதை, தினசரி ஆன்லைன் ரேஸ். பாதுகாப்பு மதிப்பெண் எஸ்ல, அதாவது உச்சத்துல இருந்தேன், அதை ஏத்த ஒரு மாசம் யாரையும் உரசாம ஓட்டியிருக்கேன். கடைசி சுத்து, முதல் இடம், 130ஆர்ங்கிற வேக வளைவைத் தாண்டி, அடுத்து வர்ற சிக்கேனுக்கு, அந்த இடம் வலம் நெளிசலுக்கு, பிரேக் பிடிக்கிறேன். பின்னால வந்தவன் பிரேக்கே பிடிக்காம நேரா வந்து இடிச்சான். நான் மணல்ல. எனக்கு 3 செகண்ட் பெனால்டி. இடி வாங்கினது நான், பெனால்டியும் எனக்கு. எப்படியோ கோட்டைத் தாண்டினேன், 1.4 செகண்ட் வித்தியாசத்துல ரெண்டாவது. ரீப்ளேவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன்னு கணக்கில்ல. அவனோட பிரேக் விளக்கு எரியவே இல்ல. அது என் கண்ணுக்குத் தெரியுது, அந்த நிரலுக்கு ஏன் தெரியல?

கொண்டைஊசி_40

தம்பி, ஏமாத்துறவனைத் தடுக்கணும், நானும் ஒத்துக்கிறேன். ஆன்லைன் ரேஸுக்கு சர்வர் கணக்கு, தனியா ஓட்ட வீட்டுல தனி சேவ்னு பிரிச்சு வைக்கலாமே. முடியாத காரியம் இல்ல. நீங்க சொன்ன அதே ஜிடி ஸ்போர்ட்டுக்கு சர்வரை மூடுறதுக்கு முன்னாடி கடைசி அப்டேட்ல ஆஃப்லைன் சேவ் கொடுத்தாங்க. சாகுற நேரத்துல கொடுக்க முடிஞ்சதை உயிரோட இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

எரிபொருள்_6

எனக்குக் கடுப்பு அந்த உருளும் தொடக்கம்தான், எல்லா காரும் ஓடிக்கிட்டே ரேஸ் தொடங்குறது. முதல் கார் அரை நிமிஷத்துக்கு மேல முன்னாடி போயிடும், நாம கடைசியில இருந்து ஒவ்வொருத்தனா தாண்டி அவனை விரட்டணும். பிரான்ஸோட லு மான் பாதையில ஒருநாள் கடைசி நேர்கோட்டுல அவனைப் பிடிச்சேன், டயர் போயிருந்தது, விட்டுட்டேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனா மேல எழுதினவங்களுக்குச் சில விஷயம் சொல்லணும். சுசூகா நண்பர்: முதல் இடத்துல போறப்போ சிக்கேனுக்கு முன்னாடி எப்பவும் உள்பக்கக் கோட்டைப் பிடிச்சிடுங்க, வெளிப்பக்கத்தைக் காட்டினா இடிக்கத்தான் வருவாங்க. பின்னால வர்றவன் எவ்வளவு கிட்ட வந்துட்டான்னு ரேடார்ல பாருங்க, 130ஆர்லயே தெரிஞ்சிடும். ரொம்ப ஒட்டி வந்தான்னா அவனைப் போக விட்டு, சிக்கேன் வெளியேறும்போது உள்ளால திரும்பப் பிடிக்கலாம். சக்கரம் வழுக்காம பிடிக்கிற டிராக்‌ஷன் கண்ட்ரோலை 1க்கு மேல வைக்காதீங்க, வளைவை விட்டு வெளிய வரும்போது வண்டி கட்டிப் போட்ட மாதிரி நிக்கும். எதிர் ஸ்டியரிங் உதவியை அணைச்சிடுங்க, அது கையைக் கெடுத்துடும். எவ்வளவு எரிபொருள் எரிக்கணும்னு வைக்கிற எரிபொருள் மேப் 1ல ஓடுறதுதான் வேகம், ஆனா பெரிய ரேஸ்ல எவன் பின்னாலயாவது காத்து மறைவுல ஒட்டிப் போகும்போது 6க்குத் தள்ளுங்க. கியரைச் சிவப்புக்கோடு வரைக்கும் இழுக்காம முன்னாடியே மாத்துங்க. ஒரு பிட் ஸ்டாப் மிச்சமாகும், அந்த மிச்சம்தான் முதல் காரைப் பிடிக்கிற தூரம். டயரைப் பொறுத்தவரை முன் டயர் முதல்ல போனா, முன் பின் பிரேக் பங்கைப் பிரிக்கிற பிரேக் பேலன்ஸை ஒரு புள்ளி பின்னால தள்ளுங்க, அதுக்கு மேல தள்ளினா வளைவு நுழையும்போது வால் சுத்தும். ராணி, யுபிஎஸ்ல பேட்டரியை ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்திடணும், வாட்ஸ் கணக்கு பார்த்து வாங்கணும், பழைய பிஎஸ்3 நிறைய கரண்ட் இழுக்கும். மெமரிகார்டு, நீங்க அப்பவே பிறகு வந்த திருத்தின டிஸ்க்கை வாங்கியிருக்கணும்.

ரிங்_ராணி

எரிபொருள் அண்ணா, 2011ல போன கரண்டுக்கு நான் இப்போ பேட்டரி மாத்தி என்ன செய்ய? யுபிஎஸ் பத்தி நான் கேக்கல. 24 மணி நேர ரேஸை வச்சவங்க, விளையாடுறவங்களுக்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டுல கரண்ட் போகும், குழந்தை அழும், யாராவது வாசல்ல வந்து நிப்பாங்கன்னு ஏன் நினைக்கலன்னுதான் கேக்குறேன்.

மெமரிகார்டு_1

திருத்தின டிஸ்க்னு ஒண்ணு இருக்குன்னு 2001ல சூளைமேட்டுல இருந்த பையனுக்கு யார் சொல்லுவா?

ஸ்கார்பரோ_இரவு

நான் கனடாவில இருக்கிறன். ஸ்கூல் காலத்தில யாழ்ப்பாணத்தில ஒண்டாப் படிச்ச நாங்கள் ஆறு பேர், இப்ப லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, மெல்பேர்ண் எண்டு சிதறிப் போயிட்டம். ஜிடி ஸ்போர்ட்டிலதான் திரும்பச் சேர்ந்தனாங்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு தனி அறை திறப்பம். ரேஸை விடக் கதைதான் கூட. ஆரிட்ட அம்மாவுக்குச் சுகமில்லை, ஆருக்கு வேலை போச்சு, எல்லாம் ஓடிக்கொண்டே கதைக்கிறது. மெல்பேர்ணில இருக்கிறவனுக்கு அது ஞாயிறு காலமை, தேத்தண்ணியோட வந்து இருப்பான்.

2024 ஜனவரி 31, சர்வரை மூடுற நாள். வார நாள், எண்டாலும் ஆறு பேரும் வந்தம். கடைசியா ஒரு ரேஸ் எண்டு சுசூகா போட்டம். ரெண்டாவது சுத்தில லண்டன்காரன் காரைப் பாதை ஓரமா நிப்பாட்டினான். பிறகு ஒவ்வொருத்தரா வந்து பக்கத்தில நிப்பாட்டினம். ஆறு காரும் வரிசையா. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. ஒருத்தன் ஹெட்லைட்டை அணைச்சு அணைச்சு அடிச்சான், மற்றவையும் அடிச்சம். பிறகு தொடர்பு அறுந்ததெண்டு திரையில எழுத்து வந்துது.

ஜிடி 7 இல சேரலாம் எண்டு ஆக்கள் சொல்லுவினம். ரெண்டு பேர் வாங்கினவை. மற்றவைக்கு இப்ப மனமும் இல்லை, நேரமும் இல்லை. ஜிடி 5க்கும் 6க்கும் இதேதான் நடந்தது. நாளைக்கு 7க்கும் நடக்கும். நாங்கள் காசு குடுத்து வாங்கினது ஒரு பொருள் எண்டுதான் நினைச்சனான்.

டிக்கெட்_பெட்டி

சின்ன விஷயம்தான். ஜிடி 7ல தினம் 42 கி.மீ. ஓட்டினா ஒரு ரூலெட் டிக்கெட், காரோ கிரெடிட்டோ விழுற பரிசுச் சுத்து. எனக்கும் என் பொண்ணுக்கும் அது ஒரு வழக்கம். நான் ஓட்டுவேன், பட்டனை அவ அழுத்துவா. கண்ணை மூடிக்கிட்டுதான் அழுத்துவா. அஞ்சு கட்டத்துல ஒண்ணுல அவளுக்குப் பிடிச்ச சிவப்பு கார் நிக்குது, முள் அதுமேல மெதுவா வந்து, நின்ன மாதிரி நின்னு, ஒரு கட்டம் நகர்ந்து சில்லறைக் கிரெடிட்ல விழுந்துச்சு. "நான் கண்ணைத் தொறந்ததாலயா அப்பா?"ன்னு கேட்டா. முடிவு முன்னாடியே தீர்மானிச்சதும்மா, முள் சும்மா சுத்திக் காட்டுதுன்னு ஆறு வயசுக் குழந்தைகிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. அன்னையோட நிறுத்திட்டோம்.

சுசூகா_ரெண்டாமிடம்

ஸ்கார்பரோ அண்ணன் எழுதினதைப் படிச்ச பிறகு, சர்வர் வேணும்னு நான் மேல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். ஆன்லைன் ரேஸுக்கு அது வேணும், அதுல எனக்கு மாற்றம் இல்ல. ஆனா மூடுற நாள் ஒண்ணு வரும்னு நான் யோசிச்சதே இல்ல. என் எஸ் மதிப்பெண்ணும் அந்த ரீப்ளேவும்கூட அதோட போயிடுச்சு.

கொண்டைஊசி அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? அப்பா அப்புறம் ஓட்டினாரா?

கொண்டைஊசி_40

ஓட்டினார். மே மாசம் வந்தப்போ. இந்த தடவை அவரா கேக்கல, நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உட்கார வச்சேன். "அட வேணாம்ப்பா, உன் வேலையைப் பாரு"ன்னாரு. பழைய குட்டி பியட் 500 ஒண்ணைக் கொடுத்தேன். நூர்பர்க்ரிங் ஒரு சுத்து 20 கி.மீ.க்கு மேல, முழுசா ஓட்டினார். ஒரு இடத்துலயும் சுவத்துல இடிக்கல. முதல் மூடின வளைவு வந்ததும், "ஹாரன் எங்கடா?"ன்னார். எந்த பட்டன்னு காட்டினேன். அதுக்கப்புறம் எதிர்ல என்ன வருதுன்னு தெரியாத ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி ஹாரன் அடிச்சு, வேகத்தைக் குறைச்சு, இடது பக்கமே ஒதுங்கித் திரும்பினார். எதிர்ல எந்த வண்டியும் வராதுப்பான்னு நான் சொல்லல.