மறு: ஸ்கிரீன்ஷொட்டுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

ஸ்கிரீன்ஷொட்டை, அதாவது திரையில் தெரிவதை அப்படியே எடுத்த படத்தை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த சொற்களில் 'திரையச்சு' வேண்டாம் என்பது என் கட்சி. பிரிண்ட் ஸ்கிரீன் விசையின் பெயரைப் பார்த்துப் பிறந்த சொல் அது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அந்த விசை திரையிலிருந்த எழுத்தை நேரே அச்சுப்பொறிக்கு அனுப்பியது உண்மைதான். விண்டோஸ் வந்ததும் அது படத்தைத் தற்காலிக நினைவகத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. பெயின்டைத் திறந்து ஒட்டினால்தான் கண்ணில் தெரிந்தது. இப்போது அச்சு போய்விட்டது, விசையில் பெயர் மட்டும் மிச்சம். அதோடு, கொழும்பில் ரீசேர்ட்டுக்கு மை அடிக்கிறவரிடம் திரையச்சு என்றால் அவர் தன் தொழிலான ஸ்கிரீன் பிரிண்டிங் பற்றித்தான் பேசத் தொடங்குவார்.

சென்னை அண்ணா சொன்ன 'திரைநகல்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசியலமைப்பு வரைவை 'நகல் யாப்பு' என்று பத்திரிகையில் படித்துப் பழகிய இலங்கைக்காரர் எங்களுக்கு நகல் என்றால் இன்னும் முடிவாகாத வரைவு. இங்கே கொப்பிக்குப் 'பிரதி' என்போம். சரி, 'திரைப்பிரதி' என்று வைக்கலாமா? நாடகப்பிரதி மாதிரி, யாரோ படத்துக்கு வசனம் எழுதியதாகிவிடும். 'திரைப்படம்' பக்கம் போகவே வேண்டாம், அதைச் சினிமாக்காரர் எப்போதோ எழுதி வாங்கிவிட்டார்கள்.

மிஞ்சுவது 'திரைப்பிடிப்பு'. பலர் ஏற்கெனவே எழுதும் சொல், பிழையும் இல்லை. ஆனால் பிடிப்பு என்பது செயல். படப்பிடிப்பு நடக்கும், அதை யாரும் வட்சப்பில் அனுப்புவதில்லை. நமக்கு வேண்டியது கையில் கிடைக்கிற கோப்புக்கும் பொருந்தும் சொல். கழுத்துப்பிடிப்பு, வாய்வுப்பிடிப்பு நினைவுக்கு வருவது தனிக்கதை.

ஆகவே 'திரைப்பிடி'. கொழும்பு வெள்ளவத்தையில் சாமான் வாங்கிவிட்டு, "காசு போட்டாச்சு, ஸ்கிரீன்ஷொட் அனுப்புறன்" என்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள்: "திரைப்பிடி அனுப்புறன்." வாய்க்குள் நிற்கிறது. 'திரைப்பிடி சேமிக்கப்பட்டது' என்ற அறிவிப்பும் சின்னப் போன் திரையில் ஒரே வரியில் அடங்கும்.

கிளைச்சொற்களும் எளிதாக வரும். ஆல்ட் விசையோடு ஒரு சாளரத்தை மட்டும் எடுத்தால் சாளரப்பிடி. மக் கணினியில் சிஃப்ட், கொமாண்ட், 4 அழுத்தி ஒரு மூலையை வளைத்து எடுப்பது பகுதிப்பிடி. ஆண்ட்ராய்டு 12இல் வந்த, பக்கத்தை உருட்டிக்கொண்டே எடுக்கும் நீளப்படம் நெடும்பிடி. பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தும் வழமையான முறைக்கு வெறும் திரைப்பிடி போதும்.

வீடியோவாக எடுப்பதை இதற்குள் இழுக்க வேண்டாம். ஐஓஎஸ் 11, ஆண்ட்ராய்டு 11 முதல் அது போனிலேயே தனி வசதி. அதற்குத் 'திரைப்பதிவு' இருக்கட்டும்.

திரைப்பிடி என்றால் திரைச்சீலை மாட்டும் கேர்டின் கொழுவி என்று யாராவது சொல்வீர்கள். கேர்டின் கடையில் எவரும் அப்படிக் கேட்பதில்லை. எனக்கு உறுத்துவது அந்த 'ப்' தான். பொத்தானில் ஏவலாக வரும்போது 'திரை பிடி', ஒற்று மிகாது. கிடைத்த படத்தின் பெயராக வரும்போது 'திரைப்பிடி', மிகும். ஓர் ஒற்றை வைத்தே செயலையும் பொருளையும் பிரிக்கலாம் போலிருக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் இது நிற்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் நம் சொற்பட்டியலில் சேர்க்கிறேன்.