1971 டிசம்பர்: ஐ.நா.வில் ஸ்வரண் சிங் தோற்றாரா?

மருதன்:
1971 இந்திய-பாகிஸ்தான் போர் என்றால் தளபதி மானெக்சா, இந்திரா, டாக்கா சரணடைதல் என்றே பேசுகிறோம். அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங்கின் பெயர் வருவதே இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம். உலகத்தின் ஆதரவைத் திரட்டுவதுதான் அவர் வேலை, அது நடக்கவில்லை. டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ‘போரை நிறுத்துங்கள், படைகளை அவரவர் எல்லைக்குத் திருப்புங்கள்’ என்ற தீர்மானத்துக்கு 104 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு, 10 நடுநிலை. எதிர்த்த 11-இல் சோவியத் அணியையும் கியூபா, மங்கோலியாவையும் கழித்துப் பாருங்கள். நம்மோடு நின்றது பூட்டான் மட்டுமே. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, வந்த ஏறக்குறைய ஒரு கோடி அகதிகளுக்குச் சோறு போட்ட நாட்டுக்கு இவ்வளவுதானா ஆதரவு?

பொருநை:
பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது, மருதன். போரை நிறுத்தும் அதிகாரம் பாதுகாப்புச் சபைக்குத்தான் உண்டு. அங்கே டிசம்பர் 4 முதல் 13 வரை மூன்று முறை சோவியத் யூனியன் வீட்டோ போட்டது, அதாவது தன் தடை அதிகாரத்தால் தீர்மானத்தை வீழ்த்தியது. மூன்று முறையும் 11 நாடுகள் போர்நிறுத்தத்தை ஆதரித்தன. எதிர்த்தவை சோவியத்தும் போலந்தும் மட்டும். அந்த வீட்டோ தானாக வந்துவிடவில்லை. 1965 போரில் மாஸ்கோ நமக்காகக் கை தூக்கவில்லை. தாஷ்கண்டில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியது. 1968-இல் பாகிஸ்தானுக்கே ஆயுதம் விற்க ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட மாஸ்கோவை இந்தப் பக்கம் கொண்டுவந்தது 1971 ஆகஸ்ட் 9 ஒப்பந்தம். டெல்லியில் சோவியத் வெளியுறவு அமைச்சர் க்ரோமிகோவுடன் அதில் கையெழுத்திட்டவர் ஸ்வரண் சிங். ஒரு தரப்புக்கு ஆபத்து வந்தால் உடனே கலந்து பேச வேண்டும், எதிரிக்கு உதவக் கூடாது என்று அதன் 9-ஆவது பிரிவு சொல்கிறது. இதையும் கணக்கில் சேர்க்காமல் அவர் தோற்றார் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கயல்:
நீங்கள் இருவரும் ஜூன் மாதத்தை விட்டுவிட்டீர்கள். அப்போது அவர் மாஸ்கோ, பான், பாரிஸ், ஒட்டாவா, வாஷிங்டன், லண்டன் என்று போனார். கேட்டது ஒன்றுதான்: பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானை நெருக்குங்கள், அகதிகள் பயமின்றித் திரும்பும் நிலையை உண்டாக்குங்கள். அனுதாபம் கிடைத்தது, அகதிகளுக்கு உதவியும் வந்தது. யாஹ்யாவின் மேல் அழுத்தம் வரவில்லை. வாஷிங்டனில் பேசிவிட்டு வந்த சில நாட்களிலேயே, அமெரிக்க ராணுவத் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு ‘பத்மா’ என்ற கப்பல் பாகிஸ்தானுக்குக் கிளம்புகிறது என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஜூலையில் அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாகவே ரகசியமாகப் பீஜிங் போனார். நிக்சனுக்கு அந்த வழி தேவைப்பட்டது. டாக்காவில் இருந்த அவர்களுடைய துணைத்தூதரே படுகொலைகளைப் பற்றி ஏப்ரலில் எழுதி அனுப்பியும் அந்த அரசு அசையவில்லை. நம் அமைச்சர் என்ன பேசி அவர்களை மாற்றியிருக்க முடியும்?

மருதன்:
சரி, அமெரிக்காவை விடுங்கள். நான் கேட்பது ஆப்பிரிக்காவையும் அரபு நாடுகளையும் பற்றி. அணிசேரா இயக்கத்தை நம்மோடு சேர்ந்து கட்டிய யூகோஸ்லாவியா ஏன் எதிர்ப்பக்கம் வாக்களித்தது? நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற பியாஃப்ராவின் போர் முடிந்தது 1970 ஜனவரியில். பிரிந்துபோகத் துடிக்கும் ஒரு பகுதி அந்த நாடுகளில் பலவற்றுக்குள்ளும் இருந்தது. நாம் அகதிகளைப் பற்றிப் பேசினோம். அவர்கள் காதில் விழுந்தது ‘பக்கத்து நாட்டின் படை வந்து ஒரு நாட்டைப் பிரிக்கிறது’ என்பது. அந்தப் பயத்துக்கு யாராவது அவர்களிடம் பதில் சொன்னார்களா? பதில் சொல்ல ஏற்ற ஆட்கள் வங்காளிகளே. பாகிஸ்தானின் 1970 தேர்தலில் பெரும்பான்மை பெற்றவர்கள் அவர்கள். முஜிப்நகரில் ஏப்ரல் 17 அன்றே வங்கதேசத்தின் தற்காலிக அரசு பதவியேற்றது. நாம் அங்கீகரித்தது டிசம்பர் 6 அன்று, போர் தொடங்கிய பிறகு. அதனால் நியூயார்க்கில் வங்கதேசத் தூதுக்குழு இருந்தும் பாதுகாப்புச் சபையில் பேச இடம் கிடைக்கவில்லை.

பொருநை:
ஏப்ரலில் அங்கீகரித்திருந்தால் ‘எல்லாம் இந்தியாவின் சதி’ என்ற யாஹ்யாவின் பேச்சை நாமே மெய்யாக்கியிருப்போம். மழைக்காலத்தில், ஆறுகள் பெருகி ஓடும் நிலத்தில், தயாராகாத படையோடு போருக்கும் போயிருப்போம். பனி மூடாத இமயமலைக் கணவாய்களும் சீனாவுக்குத் திறந்திருந்திருக்கும். இன்னொன்றையும் பாருங்கள்: பிரிட்டனும் பிரான்சும் பாதுகாப்புச் சபையில் அமெரிக்காவோடு சேர்ந்து வாக்களிக்கவில்லை, பொதுச்சபையிலும் நடுநிலை வகித்தன. ஜூனில் ஸ்வரண் சிங் போன அதே லண்டனுக்கும் பாரிஸுக்கும் இலையுதிர் காலத்தில் இந்திராவும் போனார். அதற்குப் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தேனருவி:
எதிர்த் தரப்பின் வெளியுறவு அமைச்சரையும் பாருங்களேன். 104 வாக்குகளைக் கையில் வைத்திருந்தவர் பூட்டோ. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளிடம் கிழக்கில் அதிகாரத்தை ஒப்படைத்துப் போரை நிறுத்தலாம் என்று போலந்து ஒரு வரைவு வைத்திருந்தது. டிசம்பர் 15 அன்று அவர் காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பாதுகாப்புச் சபையிலிருந்து வெளியேறினார். மறுநாள் டாக்கா விழுந்தது, ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டார்கள். ஸ்வரண் சிங்கும் அதே நாட்களில் நியூயார்க்கில்தான் இருந்தார். உலகமே ‘நிறுத்து’ என்று சொல்லும்போது குரலை உயர்த்தாமல் நின்று பேசுவது எவ்வளவு கடினம்! நம் படைகளுக்குத் தேவைப்பட்டது சில நாட்கள். அந்த நாட்களைப் பெற்றுத் தந்தவர்களில் அவரும் ஒருவர், அவரை மறந்தது நம் தவறு.

மருதன்:
அந்தச் சில நாட்களும் ஒரே ஒரு நாட்டின் கையை நம்பி இருந்தன, தேனருவி. மாஸ்கோவும் பொறுமை இழந்துகொண்டிருந்தது. டிசம்பர் 12 அன்று சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் குஸ்நெத்சோவை டெல்லிக்கு அனுப்பி, சீக்கிரம் முடியுங்கள் என்றது. டாக்கா இன்னும் பத்து நாள் தாக்குப்பிடித்திருந்தால் நான்காவது வீட்டோ வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வீர்களா? அன்று நம்மோடு இருபது அணிசேரா நாடுகள் நின்றிருந்தால் அந்த நெருக்கடியே வந்திருக்காது என்கிறேன். பிறந்த நாட்டுக்கும் அந்தத் தனிமை மிச்சமாகக் கிடைத்தது. 1972 ஆகஸ்டில் வங்கதேசம் ஐ.நா.வில் சேர முயன்றபோது சீனா வீட்டோ போட்டது. அது உறுப்பினராக 1974 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கயல்:
இருபது அணிசேரா நாடுகள் நின்றிருந்தாலும் சீனாவின் அந்த வீட்டோவைத் தடுத்திருக்க முடியாதே, மருதன். ஜூனில் அவர் ஒவ்வொரு தலைநகரிலும் கேட்டது அகதிகள் வீடு திரும்ப வேண்டும் என்பதை. 1972-இன் தொடக்க மாதங்களிலேயே பெரும்பாலானோர் திரும்பிவிட்டார்கள். ஆப்பிரிக்கத் தலைநகரங்களில் நாம் போதுமான அளவு பேசவில்லை என்பதை மட்டும் ஏற்கிறேன். அங்கே யாரை அனுப்பியிருக்க வேண்டும், எப்போது அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அதைப் பேசுவோம்.