பெரியப்பா 45 ரகசியக் குழு: அந்தப் படத்தைப் போடலாமா?

*சனிக்கிழமை*

பெரியக்கா: எல்லாரும் இங்கே பாருங்கள். ஆவணி கடைசி ஞாயிறு, அம்மா அப்பாவின் 45ஆவது கல்யாண நாள் விழா. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. காலையில் கோயில், மதியம் சாப்பாடு. சாயங்காலம் 4 முதல் 7 வரை ஹால் நம் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்யலாம்? அம்மா அப்பா காதில் ஒரு வார்த்தை விழக் கூடாது.

அண்ணன்: பாட்டுக் கச்சேரி?

பெரியக்கா: கட்டுப்படியாகாது.

குட்டி பெங்களூரு: படம் போடலாம். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த முதல் படம்.

நான்: அந்த 7 நாட்கள்!

சித்தி திருச்சி: அட ஆமாம்

அண்ணன்: ப்ரொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்கும். விசாரிக்கிறேன்.

மாமா மதுரை: (படம்: தாமரைப் பூ, இனிய காலை வணக்கம்)

அத்தை மதுரை: கல்யாண நாளன்று அந்தப் படமா?

குட்டி பெங்களூரு: ஏன் அத்தை?

அத்தை மதுரை: முதலிரவன்று பெண் உயிரை விடப் பார்க்கிற படம். வாழ்த்த வந்தவர்கள் முன்னால் அதைப் போடுவார்களா?

சித்தி திருச்சி: அக்கா சொல்வதும் சரிதான்

அண்ணன்: காமெடிப் படம்தானே அது? பாக்யராஜ், ஹார்மோனியம், காஜா ஷெரீப்.

நான்: "ஆசானே!"

அண்ணன்: அதேதான்

சித்தப்பா திருச்சி: இந்த விஷயத்தில் நேரில் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1981 தீபாவளிக்கு வந்த படம். அந்த ஆவணியில்தான் அண்ணனுக்குக் கல்யாணம். அப்போதெல்லாம் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனியாக சினிமாவுக்கு அனுப்ப மாட்டார்கள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு 14 வயது. நடுவில் உட்காரச் சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். அண்ணன் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். இடைவேளை வரைக்கும் தியேட்டரே சிரித்தது. பாலக்காட்டிலிருந்து வந்த ஏழை இசைக் கலைஞன், கையில் ஹார்மோனியம், கூடவே பசி தாங்காத ஒரு சிஷ்யன். சினிமாவில் இசையமைக்க வாய்ப்புத் தேடி வந்தவன், வாடகைக்கு இருக்கிற வீட்டுப் பெண்ணே அவனை விரும்புகிறாள். அப்புறம்தான் கதை திரும்புகிறது. வீட்டார் வற்புறுத்தி அவளை டாக்டர் ராஜேஷுக்குக் கட்டி வைக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் டாக்டர் சொல்வது என்ன? என் அம்மா சாகக் கிடக்கிறாள், ஒரு வாரம் மட்டும் இந்த வீட்டில் இரு, அப்புறம் உன்னை அவனிடமே சேர்த்து வைக்கிறேன் என்கிறார். அந்த ஒரு வாரம்தான் படத்தின் பெயர். சிரித்துக்கொண்டிருந்த அண்ணி அங்கிருந்து அழ ஆரம்பித்தவர்தான், படம் விட்டும் நிறுத்தவில்லை. அண்ணனுக்கு முகமே வெளுத்துவிட்டது.

குட்டி பெங்களூரு: அப்பாவுக்கு ஏன்?

சித்தப்பா திருச்சி: ஏனா? கல்யாணமாகி இரண்டு மாதம். பெண் இப்படி அழுதால் புருஷனுக்கு என்ன தோன்றும்? பஸ்ஸில் வரும்போது மெதுவாகக் கேட்டார், "உனக்கும் இந்த மாதிரி ஏதாவது..." என்று. அண்ணி என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் பையன் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகிறானே, ராத்திரி எங்கே சாப்பிடுவான்?"

நான்: பெரியம்மா

பெரியக்கா: எனக்கு இந்தக் கதை இதுவரை தெரியாது

சித்தி திருச்சி: தலைதீபாவளிக்கு அவர்கள் கும்பகோணம்தானே போனார்கள்? நீங்கள் தஞ்சாவூரில் பார்த்ததாக எப்போதும் சொல்கிறீர்களே

சித்தப்பா திருச்சி: தீபாவளிக்குக் கும்பகோணம். திரும்பி வந்து நாலாம் நாள் தஞ்சாவூர்.

அப்பா: ஐந்தாம் நாள்.

பெரியக்கா: பஃபேயா, இலையா? சமையல்காரர் கேட்கிறார்.

அண்ணன்: பஃபே. வேலை சீக்கிரம் முடியும்.

சித்தி திருச்சி: அப்பளம் நமுத்துப் போகும்

பெரியக்கா: போன தடவை சதாபிஷேகக் கணக்கே இன்னும் முடியவில்லை. இந்தத் தடவை அவரவர் பங்கை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

அண்ணன்: நான் கொடுத்துவிட்டேன்

சித்தப்பா திருச்சி: பந்தல்காரர் எனக்குத் திருப்பித் தர வேண்டியது இருந்தது. அதைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தேன். அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

பெரியக்கா: சரி சித்தப்பா

*ஞாயிற்றுக்கிழமை*

மாமா மதுரை: (படம்: சூரிய உதயம், இனிய ஞாயிறு)

குட்டி பெங்களூரு: நேற்று ராத்திரி முழுப் படத்தையும் பார்த்துவிட்டேன். முதல் தடவை. முன்பாதி அவ்வளவு பிடித்தது. பின்பாதியும் பிடித்தது. ஆனால் முடிவு எனக்குக் கோபம்தான். டாக்டரே தேடிப் போய் அவனை அழைத்து வருகிறார். அவனும் வந்து நிற்கிறான். தாலியைக் கழற்றச் சொல்கிறான். கழற்றவில்லை. அதோடு முடிந்தது. ஒரு கயிறுதான் மூன்று பேர் வாழ்க்கையை முடிவு செய்யுமா?

சித்தி திருச்சி: கயிறு என்று சொல்லாதே கண்ணு

குட்டி பெங்களூரு: மன்னியுங்கள் சித்தி. ஆனால் கேள்வி அதுதானே?

சித்தப்பா திருச்சி: அதைக் கயிறாகப் பார்த்தால் படம் புரியாது. டாக்டர் அவனிடம் நேராகப் போய் "உன் காதலி என் வீட்டில் இருக்கிறாள்" என்று சொல்லவில்லை. சினிமாவுக்கு இசையமைக்க வாய்ப்பு என்று சொல்லி, அவர்கள் மூவரின் கதையையே படக் கதை போலச் சொல்கிறார். முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று அவனையே கேட்கிற மாதிரி. அதாவது அந்த இசைக் கலைஞன் மாதவன் முதலில் அதை ஒரு ரசிகனாகக் கேட்கிறான், அப்புறம்தான் அது தன் கதை என்று தெரிகிறது. ரசிகன் ஒத்துக்கொள்ளாத முடிவைத் தன் வாழ்க்கைக்கு மட்டும் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. திரைக்கதை என்றால் அதுதான். இந்தியிலும் அதே கதையை எடுத்தார்கள், 1983இல், பாபு இயக்கம், அனில் கபூர். பாலக்காட்டுக்காரர் அங்கே பாட்டியாலாக்காரர் ஆனார். தெலுங்கிலும் அதே பாபுதான், ராதா கல்யாணம். ஊர் மாறியது, பாஷை மாறியது, முடிவை யாரும் தொடவில்லை.

நான்: சித்தப்பா, அன்றைக்கு ஒத்துக்கொள்ளாத ரசிகன் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டானா?

அண்ணன்: 96 படத்திலும்தான் சேரவில்லை. அதை எல்லாரும் கொண்டாடினோமே.

குட்டி பெங்களூரு: அதில் ஜானு தானே முடிவெடுத்துக் கிளம்புகிறாள் அண்ணா. இதில் அவளை யார் கேட்டார்கள்?

அத்தை மதுரை: அதைத்தான் நேற்று சொல்ல வந்தேன்.

அத்தை மதுரை: டாக்டர் நல்லவர். மாதவனும் நல்லவன். ஒருவர் விட்டுக் கொடுக்கிறார், இன்னொருவன் திருப்பிக் கொடுக்கிறான். நடுவில் நிற்கிற வசந்தி என்ன, பாத்திரமா? அவளுக்கு என்ன வேண்டும் என்று உட்கார வைத்து ஒருவரும் கேட்கவில்லை.

சித்தி திருச்சி: டாக்டரின் குழந்தையோடு ஒட்டிக்கொள்கிறாளே அக்கா. மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். மனசு மாறுவதை அதில்தான் காட்டுகிறார்கள்.

அத்தை மதுரை: தாயில்லாக் குழந்தையைப் பார்த்து இரங்குவதும் சாகக் கிடக்கிறவளுக்குக் கஞ்சி கொடுப்பதும் மனசு மாறியதற்கு அடையாளமா? யார் வீட்டில் இருந்தாலும் ஒரு பெண் அதைச் செய்வாள்.

அண்ணி வக்கீல்: அத்தை கேட்பது நியாயம். சட்டத்தில் இதற்கு வழி அன்றைக்கே இருந்தது. இந்து திருமணச் சட்டம் 1955, 12ஆவது பிரிவு. வற்புறுத்திச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வற்புறுத்தல் நின்றதிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். மௌன ராகத்தில் ஒரு வருடம் பொறுக்கச் சொல்வார்களே, அது 14ஆவது பிரிவு, விவாகரத்துக்கு. வசந்திக்கு அந்தக் காத்திருப்பே தேவையில்லை.

அத்தை மதுரை: 1981இல் தஞ்சாவூரில் இதை எந்தப் பெண்ணுக்கு யாரம்மா சொன்னார்கள்? தபால் கூட முதலில் அப்பா கைக்குத்தான் போகும்.

சித்தப்பா திருச்சி: அக்கா, அந்தப் பேச்சு இப்போது வேண்டாமே. சின்னவர்கள் இருக்கிறார்கள்.

அத்தை மதுரை: நான் படத்தைப் பற்றித்தான் பேசுகிறேன் தம்பி.

சித்தப்பா திருச்சி: சரி.

சித்தப்பா திருச்சி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

குட்டி பெங்களூரு: எந்தத் தபால்?

பெரியக்கா: குட்டி, தனியாக போன் பண்ணு

அண்ணன்: ப்ரொஜெக்டர், திரை, இரண்டு ஸ்பீக்கர். ஆள் ரெடி. இன்று ராத்திரிக்குள் சொல்ல வேண்டுமாம்.

நான்: படம் வேண்டாமென்றால் பாட்டு மட்டும் போடலாமா? எம்.எஸ்.வி. பாட்டுகள். பெரியம்மாவுக்கு "கவிதை அரங்கேறும் நேரம்" என்றால் உயிர்.

சித்தப்பா திருச்சி: குருவிக்கரம்பை சண்முகம் எழுதியது. ஜெயச்சந்திரனும் ஜானகியும். ஜெயச்சந்திரன் 2025 ஜனவரியில் போய்விட்டார், அதே வருடம் மே மாதம் ராஜேஷ். அன்றைக்குச் செய்தி பார்த்துவிட்டு அண்ணன் எனக்கு போன் செய்தார். "நம்ம டாக்டர் போயிட்டாருடா" என்றார். சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் ராஜேஷ் பள்ளிக்கூட வாத்தியார். அந்த நிதானம் அந்தப் படத்தில் அவர் குரலிலேயே இருக்கும். அவர் குரலை உயர்த்தியிருந்தால் இரண்டாம் பாதி விழுந்திருக்கும்.

சித்தி திருச்சி: பாட்டு மட்டும் போதும். அழுகை இல்லாமல் முடியும்.

குட்டி பெங்களூரு: எனக்கு முழுப் படம்தான் வேண்டும். கோபம் வந்தாலும் திரும்பப் பார்ப்பேன். அம்மாவோடு பார்க்க வேண்டும்.

மாமா மதுரை: எல்லாரும் பாக்யராஜ் பக்கம், அம்பிகா பக்கம் பேசியாயிற்று. நான் டாக்டர் பக்கம்.

அண்ணன்: மாமா! காலை வணக்கம் தவிர மாமா எழுதிப் பார்ப்பது இப்போதுதான்.

மாமா மதுரை: தட்டச்சு செய்யக் கொஞ்சம் நேரமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா மதுரை: 1985இல் மதுரையில் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். ஆபீஸ் விட்டு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. அந்த டாக்டர், பெண்டாட்டியின் காதலனைத் தானே தேடிப் போய் அழைத்து வருகிறார். போகிற வழியெல்லாம் அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன். அவன் கிடைக்கக் கூடாது என்று ஒரு தடவையாவது நினைத்திருப்பார். நினைக்காமல் இருந்திருக்க முடியாது. அப்படி நினைத்தும் போய் அழைத்து வந்தார். எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதனால் எனக்கு அந்தப் படம் பெரிய படம். போடுங்கள்.

அப்பா: மாப்பிள்ளை, போன் பண்ணுகிறேன்.

சித்தப்பா திருச்சி: அத்தான்

நான்: மாமா

*ஞாயிறு, மாலை*

அத்தை மதுரை: பஃபே வேண்டாம். இலை போடுங்கள். உங்கள் மாமாவுக்கு முழங்கால் வலி, தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

பெரியக்கா: சரி அத்தை. இலைதான்.

சித்தி திருச்சி: அப்பாடா, அப்பளம் தப்பித்தது

அத்தை மதுரை: பாயசம் இரண்டு வகை வேண்டாம். அண்ணனுக்குச் சர்க்கரை. ஒன்று போதும், அதையும் கடைசியில் கொண்டு வரச் சொல்.

பெரியக்கா: சரி. அப்படியே படம்?

அத்தை மதுரை: டாக்டர் கதை சொல்கிற இடம் வரைக்கும் போடுங்கள். அதற்கு மேல் அண்ணி எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சித்தப்பா திருச்சி: அக்கா, படத்தின் உயிரே அங்கேதான் ஆரம்பிக்கிறது! நிறுத்தினால் பாக்யராஜ் எழுதியதற்கே அர்த்தமில்லை. நான் விளக்கமாக

சித்தி திருச்சி: சாப்பிட வாருங்கள்

குட்டி பெங்களூரு: நிறுத்தினால் அம்மா விட மாட்டாள். பாருங்கள்.

அண்ணி வக்கீல்: அத்தை, முடிவு வரும்போது நீங்கள் என் பக்கத்தில் உட்காருங்கள். நாம் இருவரும் பேசிக்கொண்டே பார்க்கலாம்.

அத்தை மதுரை: உன் பக்கம் எப்படி உட்காருவேன், மாமாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. வசனத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

அண்ணி வக்கீல்: அப்படியானால் நான் உங்கள் அந்தப் பக்கம்.

பெரியக்கா: 7 மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்பதை யாரும் மறக்க வேண்டாம். 4 மணி என்றால் 4 மணிக்கே ஆரம்பிக்க வேண்டும். நம் வீட்டில் அது நடக்காது.

அப்பா: 3:30 என்று சொல்.

அண்ணன்: ப்ரொஜெக்டர்காரர் மறுபடி கூப்பிட்டுவிட்டார். உண்டு என்று சொல்லவா, நாளை சொல்கிறேன் என்று சொல்லவா?

பெரியக்கா: பாட்டு மட்டும் என்றாலும் திரை வேண்டும்தானே?

அண்ணன்: அப்போது உண்டு?

சித்தி திருச்சி: ஜமக்காளம் எங்கள் வீட்டில் நாலு இருக்கிறது. போதுமா, இன்னும் இரண்டு கேட்டு வாங்கட்டுமா?