நீடாமங்கலம் கேட்டில் நின்ற மாருதி 800

மன்னார்குடியிலிருந்து:

எங்கள் வீட்டில் 1997ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 இன்றும் ஓடுகிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த வண்டி. 2019ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் இந்த வண்டிக்கு வந்த ஒரு கோளாறு எங்களை நான்கு மாதங்கள் அலைக்கழித்தது. அந்த நான்கு மாதங்களில் செலவு செய்து மாற்றிய பொருள்களில் ஒன்றுகூட உண்மையில் பழுதாகியிருக்கவில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அப்பாவைக் கும்பகோணத்தில் கண் மருத்துவரிடம் காட்டுவதற்காக நீடாமங்கலம், வலங்கைமான் வழியாக அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. காலையில் வண்டி முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். திரும்பி வரும்போது உச்சி வெயிலில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வோம். அந்த கேட்டை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயிலுக்கு என்ஜின் மாற்றத் தொடங்கினால் இரண்டு பக்கமும் வண்டிகள் கண்ணுக்கெட்டும் தூரம் வரை நின்றுவிடும். எல்லோரையும் போல நானும் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் என்ஜின் பிடிக்காது. பின்னால் லாரிகளும் பேருந்துகளும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, முன்பின் தெரியாத நான்கு பேர் இறங்கி வந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளிக் கொடுப்பார்கள்.

முதல் முறை நின்றபோது அங்கிருந்த ஒரு லாரி ஓட்டுநர், "ஏர் லாக் ஆகியிருக்கும், பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போடுங்கள்" என்றார். அவர் சொன்னது பொருத்தமாகத்தான் இருந்தது. பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே இருக்கும். சூடு மிகுந்தால் பம்புக்குள்ளும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆவியைப் பம்ப் இழுத்துத் தள்ள முடியாது. அதிலும் ஓடும்போது கிடைக்கும் காற்றோட்டம், வண்டி நின்றதும் இல்லாமல் போவதால், என்ஜினை அணைத்த முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில்தான் பானட்டுக்கு அடியில் உள்ள பாகங்கள் மிகவும் சூடேறுகின்றன. துணியை நனைத்துப் போட்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். வண்டி ஸ்டார்ட் ஆனது. அன்று முதல் கோளாறு பம்பில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த இருபது நிமிடத்தில் பம்ப் மட்டுமல்லாமல் என்ஜின் அறையில் இருந்த எல்லாமே ஆறின என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதன்பின் பம்பை மாற்றினோம், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம், பெட்ரோல் ஃபில்டர், குழாய்கள், என்ஜினுக்குள் தீப்பொறி தரும் பிளக்குகள் என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். மூன்று பட்டறைகள் மாறினோம். அந்தப் பட்டறைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர்கள் கண்முன் இந்த வண்டி ஒருமுறைகூட நின்றதில்லை. ஆறிப்போய், ஒழுங்காக ஓடி வந்து நிற்கும் வண்டியில் யாராக இருந்தாலும் ஊகித்துத்தான் பொருளை மாற்ற முடியும். ஆடி மாதம் பிறந்தபோது நிலைமை இன்னும் மோசமாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அணையத் தொடங்கியது.

அப்படி ஒருநாள் வலங்கைமானைத் தாண்டி நின்றபோது, சாலையோரத்தில் டிராக்டர் வேலை பார்க்கும் ஒரு சிறிய பட்டறை தென்பட்டது. அங்கிருந்த பெரியவரிடம் ஓடிப்போய், "அண்ணே, பம்பில் ஈரத்துணி போட வேண்டும், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "தண்ணீரெல்லாம் அப்புறம் ஊற்றலாம் தம்பி. நின்ற வண்டி ஆறிப்போய்விட்டால் எதனால் நின்றது என்று சொல்லாது. வாங்க, சூட்டோடு பார்த்துவிடலாம்" என்றார்.

முதலில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயைக் குனிந்து பார்த்தபடியே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துவிட்டார். மெல்லிய ஊசி போலப் பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. மூன்று முறை இழுத்தார், மூன்று முறையும் அடித்தது. "பெட்ரோல் இருக்கிறது. நான்கு மாதமாகப் பெட்ரோலைத் தேடியிருக்கிறீர்கள்" என்றார். பிறகு ஃபில்டரை மூடிவிட்டு, ஒரு பிளக் ஒயரை உருவி, தன்னிடம் இருந்த வேறொரு பிளக்கை அதில் செருகி, அதன் உலோகப் பகுதி என்ஜின் உடம்பில் நன்றாகப் படும்படி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்தார். என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது என்பதால் தோளில் கிடந்த துண்டை விரித்து நிழல் கட்டிக்கொண்டு பார்த்தார். பொறியே இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவில் இருந்த ஒயரை உருவி, அதிலும் அதே பிளக்கைச் செருகிப் பார்த்தார், அதிலும் இல்லை. பொறிக்கு வேண்டிய உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் காயிலுக்கு வரும் மின்சாரத்தைச் சோதனை விளக்கால் பார்த்தபோது விளக்கு எரிந்தது. செல்ஃப் சுற்றும்போது மறுமுனையில் வைத்தால் விட்டுவிட்டு மினுக்கியது. ஆகவே காயிலுக்குள் போவது சரியாகப் போகிறது, வெளியே வருவதுதான் வரவில்லை.

அதன்பிறகுதான் சாவியை அணைக்கச் சொல்லிவிட்டு, நான் கேட்ட அதே ஈரத்துணியை எடுத்துவந்தார். ஆனால் பம்பின் பக்கமே போகவில்லை. ஒயர்களைக் கழற்றிவிட்டு, கைக்கு அடக்கமான அந்த உருளைக் காயிலின் உடம்பைச் சுற்றித் துணியைக் கட்டினார். தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியாத கொதிப்பு. ஐந்தாறு நிமிடம் கழித்துத் துணியை எடுத்து, ஈரத்தை நன்றாகத் துடைத்து, ஒயர்களை மாட்டி அடித்தபோது முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நான்கு மாதக் கேள்விக்கு விடை கிடைத்தபோது என் கண் கலங்கிவிட்டது.

காயிலுக்குள் தலைமுடி போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக இருக்கிறது. வருடக்கணக்கான சூட்டில் அதன் மேல்பூச்சு நைந்துவிட்டால், கொதிக்கும்போது மின்சாரம் உள்ளேயே கசிந்துவிடும், அல்லது கம்பி விலகிவிடும். ஆறினால் பழையபடி வேலை செய்யும். கழற்றிய காயிலை வீட்டில் மின்தடையை அளக்கும் ஓம் மீட்டரில் வைத்துப் பார்த்தேன், ஆறிய நிலையில் எல்லாம் சரியாகவே காட்டியது. காயில் மாற்றியபின் அந்தக் கோளாறு திரும்பவில்லை.

இதைச் செய்து பார்ப்பவர்கள் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் பொறியைச் சோதிக்காதீர்கள். ஒயரை வெறுங்கையில் பிடிக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

மன்னார்குடி நண்பருக்கு நேர்ந்ததன் மறுபக்கம் எனக்கு நேர்ந்தது. எங்களுடையது பழைய பெட்ரோல் அம்பாசிடர். வேதாரண்யத்தில் சம்பந்தி வீட்டிலிருந்து கிளம்பினால் ஊர் வந்து சேர்வதற்குள் ஒருமுறையாவது வண்டி திணறித் திணறி நின்றுவிடும். சட்டென்று அணைவதில்லை, இழுவை குறைந்து, விக்கி விக்கித்தான் நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் விளக்கை அணைத்தது போல நிற்பது பெரும்பாலும் மின்சாரக் கோளாறாகவும், விக்கி நிற்பது பெரும்பாலும் பெட்ரோல் கோளாறாகவும் இருந்துவருகிறது.

எங்கள் வண்டியில் பொறி நீலமாக, பளிச்சென்று அடித்தது, பெட்ரோல்தான் வரவில்லை. பம்பும் குழாயும் சரி. ஒருநாள் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தபோது, சோடா பாட்டில் திறந்தது போல "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தது. யோசித்துப் பார்த்தால், இரவில் பெட்ரோல் திருட்டுப் போகிறதென்று சாவி போட்ட மூடி ஒன்றை வாங்கி மாட்டியதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லையே தொடங்கியிருந்தது. அந்த மூடியில் காற்றுப் போக வழியே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் தவித்திருக்கிறது. பழைய மூடியை மாட்டினேன், சரியாகிவிட்டது.

பாபநாசத்திலிருந்து:

இருவருக்கும் நன்றி. என்னுடையது 2006ஆம் ஆண்டு வண்டி, கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து இரண்டு முறை நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. இதில் குனிந்து பார்க்கக் கார்புரேட்டரே இல்லையே, எப்படிச் சோதிப்பது?

மன்னார்குடியிலிருந்து:

உங்கள் வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கும். செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால், பின்சீட்டுப் பக்கம் ஓரிரு விநாடி "ம்ம்ம்" என்று ஓசை கேட்டு நிற்க வேண்டும். நின்ற உடனே, ஆறுவதற்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஓசை இல்லையென்றால் பம்ப், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, ஃபியூஸ், ஒயர் இந்த நான்கில் ஒன்று. அறுவடைக்குப் பின் என்பதால் பானட்டுக்குள்ளும் பாருங்கள். வயலில் தீனி தீர்ந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும்.

பாபநாசத்திலிருந்து:

நேற்று மாலை அய்யம்பேட்டைக்கு அருகில் நின்றது. நீங்கள் சொன்னபடி கேட்டேன், ஓசை இல்லை. ஃபியூஸ் பெட்டியின் அடியில் வைக்கோலும் நெல் உமியுமாக ஒரு கூடு இருந்தது; பம்புக்குப் போகும் ஒயரின் உறை கடிக்கப்பட்டு, உள்ளே இரண்டே இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒயரைக் கையால் நிமிர்த்திப் பிடித்ததும் பின்னால் அந்த "ம்ம்ம்" கேட்டது. இன்று காலை புது ஒயர் இணைத்தாகிவிட்டது.