பழைய வீட்டுக் கொல்லையில் செயற்கைப் புல்: சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மேற்கு சிட்னியின் துங்காபியில் வீடு வாங்கிய தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, 1960களில் கட்டிய வீடு. மழை பெய்தால் கொல்லை முழுக்கச் சேறு, நாய் உள்ளே வந்தால் கூடம் வரைக்கும் கால்தடம். செயற்கைப் புல் போட்டுவிடலாமா? எந்தப் புல் நல்லது?"

புல்லைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பழைய வீட்டில் செலவும் வம்பும் புல்லுக்கு அடியில்தான் இருக்கின்றன.

நம்மூரில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை. அதன் கீழேயே படுத்து வளர்ந்தவர்கள் நாம். பெயரைக் கேட்டால் மத்தியான வெக்கைதான் நினைவுக்கு வரும், பயம் வராது. இங்கே அப்படி இல்லை, அதன் தூசி மூச்சில் போனால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஃபைப்ரோ என்று இவர்கள் சொல்லும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய மேற்கு சிட்னி வீடுகளில் சுவர், இறவாணம், குளியலறை, வேலி என்று எங்கும் உண்டு. 2003 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. ஆனாலும் 1990க்கு முந்திய வீடு என்றால், இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். பழைய ஷெட்டை இடித்தவர்கள் உடைந்த துண்டுகளைக் கொல்லையிலேயே புதைத்துவிட்டுப் போவது அந்தக் காலத்தில் சகஜம்.

என் கொல்லையைத் தோண்டியபோது நாலாவது வெட்டிலேயே கிடைத்தது. உள்ளங்கை அகலச் சாம்பல் துண்டு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கோல்ஃப் பந்து மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். ஓடு என்று நினைத்து மண்வெட்டியால் தட்டிப் பார்த்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கிடைத்த இடத்தில் வேலையை நிறுத்தி, தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, நாயையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். பெருக்கவும் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் இறுகிய தகடு 10 சதுர மீட்டருக்குள் என்றால் வீட்டுக்காரரே எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. பொடிந்து உதிர்கிறது என்றால் துளியும் தொடக் கூடாது. வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவது சட்டவிரோதம். ஸ்கிப்பில், அதாவது வாடகைக்கு எடுக்கும் பெரிய குப்பைத் தொட்டியில், மண்ணோடு கலந்து அனுப்பினால் முழு லோடும் திரும்பி வரும், பில் உங்களுக்கு.

1970க்கு முந்திய வீடு என்றால் பெயின்டில் ஈயமும் இருந்திருக்கலாம். சுரண்டி உதிர்ந்ததெல்லாம் சுவரோரத்து மண்ணில்தான் கிடக்கும். அந்த மண்ணை எடுத்துக் காய்கறிப் பாத்தியில் கொட்டாதீர்கள்.

தோண்டுவதற்கு முன் 'பிஃபோர் யூ டிக்' தளத்தில் இலவசமாக வரைபடம் கேட்டு வாங்குங்கள். ஆனால் தெருவில் போகும் பொதுக் குழாயும் கேபிளும்தான் அதில் இருக்கும். உங்கள் வேலிக்குள் ஓடும் பழைய சுட்டமண் சாக்கடைக் குழாய் அதில் வராது. அதற்குச் சிட்னி வாட்டரிடம் தனி வரைபடம் வாங்க வேண்டும். அந்தக் குழாய் இணைப்புகளுக்குள் மரவேர் புகுந்திருக்கும். புல் போட்ட பிறகு அடைத்துக்கொண்டால் புதுப் புல்லைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி வடிகால். இந்தப் பக்கத்து மண் களிமண். ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி ஊற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையிலும் தண்ணீர் நின்றால், ஓட்டை போட்ட வடிகால் குழாய் பதிக்காமல் புல் வேண்டாம்.

என் கொல்லையில் இதைத்தான் தவறவிட்டேன். புல் போட வந்தவர் சாலைக்கு அடியில் போடும், தூசி கலந்த ஜல்லியான ரோட் பேஸைக் கொட்டி இயந்திரத்தால் சிமென்ட் மாதிரி இறுக்கிவிட்டார். கார் நிறுத்த அது சரி. எங்கள் நாய் கருப்பனின் மூத்திரம் எங்கே இறங்கும்? மண்ணாக இருந்தால் நுண்ணுயிரும் வேரும் அதைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்குக்கு அடியில் யூரியா அமோனியாவாக மாறி அங்கேயே தங்குகிறது. இரண்டாவது கோடையில், மழை விட்டு வெயில் அடித்த ஒரு மதியம், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரோரம் நிற்கிற மாதிரி இருந்தது. மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகவே முழுவதையும் பிரித்தேன்.

நாய் இருந்தால் தூசியில்லாத 7 முதல் 10 மில்லிமீட்டர் ஜல்லி போடச் சொல்லுங்கள். இங்கேயும் அதன் பெயர் ப்ளூ மெட்டல்தான்! மேலே தூவுவதற்கு மணல் வேண்டாம், ஜியோலைட் என்ற கனிமத் துகளைக் கேளுங்கள். அது அமோனியத்தைப் பிடித்துவைக்கும். அதுவும் நிரந்தரம் இல்லை, வாரம் ஒருமுறை ஹோஸ் பிடிக்கத்தான் வேண்டும்.

மண்ணை 80 முதல் 100 மில்லிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஜல்லி போட வேண்டும். 40 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 3.2 முதல் 4 கன மீட்டர். ஆனால் வெட்டிய களிமண் தளர்ந்து அதிக இடம் பிடிக்கும், ஸ்கிப்பைப் பெரிதாகவே எடுங்கள். வெட்டாமல் மேலேயே போட்டுத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய வீடுகளில் மரத்தளத்துக்கு அடியில் காற்றோட, சுவரின் அடியில் சல்லடை மாதிரிச் செங்கல் வைத்திருப்பார்கள். தரை உயர்ந்து அது மூடினால் பலகை ஈரம் கோத்து வளையும். கரையான் வந்தாலும் கண்ணில் படாது. சுவரோரம் குறைந்தது 75 மில்லிமீட்டர் திறந்து தெரியட்டும் என்று எங்கள் கரையான் பரிசோதகர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

வெயிலையும் மறக்காதீர்கள். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அவ்வளவு போக வேண்டாம், சாதாரண 35 டிகிரி நாளிலேயே புல்லில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை. கருப்பன் புல்லைத் தாண்டிக் குதித்து வேலி நிழலில் போய்ப் படுத்துக்கொள்வான்.

வாடகை வீடு என்றால், நாய்க்குக் கிடைத்த அனுமதி புல்லுக்கும் அனுமதி ஆகாது. எழுத்தில் தனியாக வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் முழுக் கொல்லைக்கும் போடாதீர்கள் தம்பி. பின்வாசலை ஒட்டி, மாலை நிழல் விழும் இடத்தில் 10 சதுர மீட்டர் போதும். சேறும் கால்தடமும் அங்கேதான் பிரச்சினை. மற்றதற்கு பஃபலோ புல் நடுங்கள், கொஞ்சம் நிழலையும் தாங்கும். செயற்கைப் புல் 30 மில்லிமீட்டர் உயரம், அடியில் நிறைய ஓட்டை. புல் பற்றி அவ்வளவுதான்.

முதலில் அந்தக் குழியை வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். சாம்பல் துண்டு எதுவும் தென்பட்டால் கையில் எடுக்காமல், எட்ட நின்றே போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.