வால்பாறையில் எதைக் கண்காணிப்பது: நீர்நாயா, பெரிய இருவாச்சியா?

ஓடைக்கரை:
மழைக்காட்டுத் துண்டுகளும் தேயிலையும் கலந்து கிடக்கும் வால்பாறையில் ஒரே ஓர் உயிரைத்தான் கண்காணிக்க முடியும் என்றால், என் தேர்வு சின்ன நக நீர்நாய். சுமார் 3 கிலோ எடை, முக்கிய உணவு நண்டு. பூச்சிமருந்தோ மண்ணோ ஓடையில் இறங்கினால் நண்டு வழியாக இதைத் தாக்கும். 600 மீட்டர் கரையை நடந்து பாருங்கள்; பாறை மேல் எச்சம், அதில் நண்டோட்டுத் துண்டுகள்.

சோலைமரம்:
எச்சம் இல்லன்னா நீர்நாய் இல்லன்னு எழுதிடுவீங்களா? தென்மேற்குப் பருவமழையில ஒரு வெள்ளம் போதும், பாறையெல்லாம் கழுவிடும். கிடைச்சாலும் சிக்கல்தான்: ஒரு கூட்டமே ஒரே இடத்துல திரும்பத் திரும்ப எச்சமிடும். அத வச்சு எத்தனை விலங்குன்னு சொல்ல முடியாது. என் தேர்வு பெரிய இருவாச்சிப் பறவை. அதுக்கு பெரிய மரத்துப் பொந்து வேணும், வருஷம் முழுக்கப் பழம் வேணும். நிழலுக்கு சில்வர் ஓக் மரம் மட்டும் நட்ட தோட்டத்துல ரெண்டும் கிடைக்காது.

ஓடைக்கரை:
மழை ஓய்ந்து நீர் இறங்கிய பின் நடக்க வேண்டும், அதே 600 மீட்டர் கரைத்துண்டைப் பலமுறை. எத்தனை துண்டுகளில் தடயம் இருக்கிறது என்பதுதான் அளவு, தலை எண்ணிக்கை அல்ல. உங்கள் பறவையோ கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். காப்பித் தோட்டத்து அத்தியில் நான்கு இருவாச்சி தின்றால், அவை எந்தக் காட்டின் பறவைகள்?

வழிப்போக்கன்:
இடையில ஒண்ணு. நண்டோட்ட மட்டும் வச்சு இனம் முடிவு பண்ணாதீங்க. ஆற்று நீர்நாயும் நண்டு தின்னும். ஈரமண்ணுல தடம் பாருங்க. சின்ன நகம்னா விரல் பதியும், நகம் பதியாது.

சோலைமரம்:
சரியான பேச்சு. ஓடைக்கரை சார், நான் பறவைய எண்ணச் சொல்லல, கூடுகள எண்ணச் சொல்றேன். ஜனவரி, பிப்ரவரி வாக்குல பெண் பொந்துக்குள்ள போயி, எச்சமும் பழச்சதையும் பூசி வாசல அடைச்சுக்கும். மிச்சமிருக்கற கீறல் வழியா ஆண் மூணு நாலு மாசம் ஊட்டும். பெரும்பாலும் ஒரே குஞ்சுதான் தேறும். மரத்தடியில அத்தி எச்சம், காட்டு ஜாதிக்காய்க் கொட்டை, கருங்குங்கிலியக் கொட்டை குவிஞ்சா கூடு நடப்புல இருக்கு. சுத்துவட்டாரத்துல என்ன மரம் பழுக்குதுன்னும் அந்தக் குப்பையே சொல்லிடும். கிட்டப் போய் நின்னா ஆண் ஊட்ட வராது. தூரத்துல மறைஞ்சு பாருங்க.

ஓடைக்கரை:
ஆனால் அதே பொந்தை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் பறவை அது. கீழே கன்றே முளைக்காத காட்டிலும் கூடு நடப்பில் இருக்கும். கேடு வெகு தாமதமாகத்தான் தெரியும். கரைப்புதரை வெட்டிய ஓடையில் நீர்நாய்த் தடயம் அதற்கு முன்பே குறைந்துவிடும்.

சோலைமரம்:
கரைப்புதர் சில வருஷத்துல திரும்ப வளரும். பொந்து விழற அளவுக்கு மரம் பருக்க எவ்வளவு காலம் ஆகும்? காசு ஒரு வேலைக்குத்தான்னா, நான் முதல்ல கூட்டு மரங்களுக்கு எண் போட்டு, பொந்தோட உயரமும் வாசல் திசையும் பதிவு பண்ணுவேன்.