14 கழிவறை, மாதம் நாலு முறை பிளம்பர்: எப்படிக் குறைப்பது?

அடிவாரத்தான்:
திருவண்ணாமலையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன தியான மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சனி ஞாயிறில் 60 பேர், பௌர்ணமி என்றால் 100க்கு மேல், மற்ற நாளில் நானும் வாட்ச்மேனும்தான். போர் தண்ணீர், சரியான உப்பு. ஒரு குழாய் சொட்டுவதைச் சரிசெய்தால் அடுத்த வாரம் ஒரு ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடும். அடைப்பு பௌர்ணமி அன்றைக்குத்தான் வரும், அன்றைக்குத்தான் பிளம்பரும் போனை எடுக்க மாட்டார். எல்லாக் குழாயையும் பிரஸ் டேப்பாக, அதாவது அழுத்தினால் ஓடித் தானாக மூடும் குழாயாக மாற்றிவிடலாம் என்கிறது நிர்வாகம். செய்யலாமா?

ஈயப்பற்று:
வேண்டாம் சார். பிரஸ் டேப் தானாக மூடுவதே உள்ளே இருக்கும் ஊசிமுனை ஓட்டை வழியாகத் தண்ணீர் மெதுவாகக் கசிவதால்தான். உங்கள் உப்பு அந்த ஓட்டையை அடைத்தால் குழாய் மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் வாட்ச்மேனால் ஒன்றும் செய்ய முடியாது. 14 கழிவறைக்கும் ஒரே மாடல் குழாய், ஒரே மாதிரி ஃப்ளஷ் செட் போடுங்கள், வாஷரும் ஸ்பிண்டிலும் (குழாயின் உள்ளே திருகும் தண்டு) ஒரு டப்பாவில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஆங்கிள் காக், அதாவது அந்த அறைத் தண்ணீரை மட்டும் மூடும் சின்ன வால்வு. அது இல்லாத இடத்தில்தான் ஒரு வாஷர் மாற்ற மொத்த லைனையும் மூடிவிட்டு 60 பேரைக் காத்திருக்க வைப்பார்கள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரையும் போகவிடாதீர்கள். கழிவறைக் கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது என்று அர்த்தம்.

முகாம் அக்கா:
நாங்கள் ஏலகிரியில் மாணவர் முகாம் நடத்துகிறோம். எங்களுக்குக் குழாயை விட அடைப்புதான் பெரிய தலைவலி. ஒருமுறை சேம்பரை, அதாவது கழிவுக் குழாய் வழியில் மூடி போட்ட தொட்டியைத் திறந்தால் நாப்கினும் ஷாம்பு பாக்கெட்டும்தான். "போடாதீர்கள்" என்று போர்டு மாட்டினோம், பலன் இல்லை. பெண்கள் கழிவறை ஒவ்வொன்றிலும் மூடி போட்ட குப்பைக்கூடை, பக்கத்தில் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு வைத்த பிறகுதான் நின்றது. கூடையை வெளியே வராந்தாவில் வைத்துவிட்டு யாரும் போடுவதில்லை என்று குறை சொல்லக்கூடாது, கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் முன்னால் யார் நடப்பார்கள்? குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டை மேல் இருக்கும் ஜாலியைத் திருகு போட்டு இறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளும்.

அடிவாரத்தான்:
நன்றி. நேற்று நீலம் விட்டுப் பார்த்தேன், 14இல் 5 ஓட்டை! மோட்டார் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று இப்போதுதான் புரிகிறது. இன்னொரு சந்தேகம், வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தால் ஒரே நாற்றம். ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம், போகவில்லை.

ஈயப்பற்று:
அது அழுக்கு நாற்றம் இல்லை சார். ஐந்து நாள் யாரும் போகாததால் தரை டிராப்பில் (தரை ஓட்டைக்குக் கீழே நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைவு) நிற்கும் தண்ணீர் வற்றி, செப்டிக் டேங்க் காற்று நேராக மேலே வருகிறது. ஆள் கிளம்பியதும் ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர், மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய், சீக்கிரம் வற்றாது. ஆசிட்டை விடுங்கள், குழாய் முலாம் உரியும், டேங்கில் கழிவைச் செரிக்கும் கிருமியும் சாகும். உப்புக்கறைக்கு வினிகரில் துணியை நனைத்து ஒரு ராத்திரி சுற்றி வைத்தால் போதும்.

முகாம் அக்கா:
செப்டிக் டேங்க் கழிவைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? 2, 3 வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். லாரி வைத்துத்தான், ஆளை இறக்காதீர்கள், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், உயிரும் போகும்.

அடிவாரத்தான்:
கட்டி ஆறு வருடம், ஒருமுறை கூட எடுக்கவில்லை அக்கா. அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் லாரி சொல்லிவிடுகிறேன்.

ஈயப்பற்று:
சேம்பர் திறக்கும்போது பைப் இறக்கத்தையும் பாருங்கள் சார். 4 இஞ்ச் லைனுக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வேண்டும். திருப்பத்தில் சாதா எல்போ (மூடி இல்லாத வளைவு) இருந்தால் மூடி உள்ள டோர் பெண்ட் போடச் சொல்லுங்கள், அடைத்தால் தரையை உடைக்காமல் மூடியைக் கழற்றிக் குத்திவிடலாம்.